குறுக்கே வந்த கை

அத்தை மகளும் நானும் செந்துறைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு, ஒரே பெஞ்ச். கணக்குப் போட்டிக்கு எங்கள் இருவரையும் ஜோடியாகச் சேர்த்துவிட்டார் சார். ஏழு மரத்துண்டுகளை இடைவெளி விடாமல் சேர்த்து, படத்தில் உள்ள உருவத்தைக் கொண்டுவர வேண்டும். முதலில் முடிக்கும் ஜோடிக்கு அடுத்த போட்டி பெரம்பலூரில். அதுவரை பெரம்பலூரையே பார்த்திராத எனக்கு வெறி பிடித்துவிட்டது.

அதில் ஒரு சிக்கல். முதல்நாள்தான் அவளுடைய புது ஸ்கேலால் பெஞ்சில் மேளம் அடித்து, அதை ஒடித்திருந்தேன். அவள் காய் விட்டுவிட்டாள். அத்தை கெஞ்சிப் பார்த்தார், அம்மா மிரட்டிப் பார்த்தார். அழுத்தக்காரி, வாயைத் திறக்கவில்லை.

எங்களுக்கு வந்தது படகு. மற்ற ஜோடிகள் அங்கே வை, இங்கே வை என்று சந்தைக்கடையாக இரைந்தார்கள். எங்கள் மேசையில் மட்டும் சத்தமே இல்லை. பெரிய முக்கோணத்தை நடுவில் வைக்கப் போனேன். அவள் உள்ளங்கை அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. பழிவாங்குகிறாளாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போடி என்று ஓரத்தில் வைத்தேன், கச்சிதமாகப் பொருந்தியது. அடுத்து, சதுரத்தை விரலால் தட்டித் தட்டி வெறுப்பேற்றினாள். அந்தச் சத்தத்தை நிறுத்துவதற்காகவே அதைப் பிடுங்கி இடுக்கில் செருகினேன், அதுவும் பொருந்தியது. கடைசித் துண்டை அவள் வேண்டுமென்றே குப்புறப் புரட்டிப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அதையும் எடுத்து வைத்தேன். படகு முடிந்தது.

ஒரு வார்த்தை பேசாமல் எப்படிப் போட்டீர்கள் என்று சார் கேட்டார்.

“இவ குறுக்க குறுக்க கைய வச்சா சார். நான்தான் சமாளிச்சுப் போட்டேன்.”

சார் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். சார் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஜெயித்த குஷியில் அன்றைக்கே பழம் விட்டாயிற்று. பெரம்பலூர் போகும் பஸ்ஸில், பெரிய மனது பண்ணி அவளுக்குப் புத்தி சொன்னேன்.

“அங்கயாவது கைய வச்சிக்கிட்டு சும்மா இரு.”

“சரி. நான் தொடவே மாட்டேன்.”

சொன்னபடியே இருந்தாள். பெரம்பலூரில் கையை மடியில் வைத்துக்கொண்டு அவ்வளவு அடக்கமாக உட்கார்ந்திருந்தாள். எல்லா ஜோடிகளும் முடித்துவிட்டு எழுந்து போன பிறகும் என் பூனைக்கு வால் வைக்க இடம் கிடைக்கவில்லை.

திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து செந்துறை வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் சிரிக்கிற சிரிப்பில் தோற்ற துக்கம் போய் நானும் சிரித்தேன். ஆனாலும், இடைஞ்சலே இல்லாத ஆட்டத்தில் எப்படித் தோற்றோம் என்பதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.