ஒரு மணி வெடியும் பால் குவளையும்

சுரங்க ஆஸ்பத்திரி ஆயா பார்வதம்மாவுக்கு இரண்டு விஷயத்தில் கர்வம் அதிகம். பத்து வருஷ வேலையில் ஒரு மருந்துப் புட்டிகூட உடைத்ததில்லை. ஒரு குழந்தையைப் பார்த்த மாத்திரத்தில் அதனால் என்ன முடியும், என்ன முடியாது என்று சொல்லிவிடுவாள். இரண்டாவது கர்வத்தை உடைத்தவள் ஐந்து வயது மரியகுழந்தை.

பிறந்ததிலிருந்தே கைகால் விறைத்த பிள்ளை. தானாக உட்கார்ந்து, குவளை பிடித்துப் பால் குடிப்பாள் என்று வெள்ளைக்கார டாக்டர் துரை எழுதிக் கொடுத்தால் தங்கள் பள்ளியில் சேர்த்துக்கொள்வதாகக் கன்னியாஸ்திரீ சொல்லியிருந்தார். துரைக்கு ஒழிவது மதியம் ஒரு மணிக்குத்தான். இரண்டு முறை சோதித்தார். இரண்டு முறையும் குவளை பறந்தது, பிள்ளை சரிந்தாள். பதிவேட்டில் ‘முடியாது’ என்று எழுதினார். பார்வதம்மாவும் தலையாட்டினாள். கடைசியாக ஒரு தடவை பார்ப்பதாகச் சொல்லி, புதன்கிழமை வரச்சொன்னார்.

வீட்டில் நன்றாகக் குடிக்கிறாள் என்று தாய் பியாட்ரிஸ் மட்டும் சாதித்தாள். பெற்ற மனசு அப்படித்தான் பேசும் என்று நினைத்த பார்வதம்மா, பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை சுரங்கத் தொழிலாளர் வரிசையிலிருந்த அவர்கள் லைன் வீட்டுக்கே போனாள். பிள்ளை ஜம்மென்று உட்கார்ந்து, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தாள். பார்வதம்மாவுக்கு வெட்கமாகப் போயிற்று.

மறுநாள் ஒரு மணிக்கு அவள் கை தானாகப் போய் அலமாரிப் புட்டிகளை அணைத்துப் பிடித்தது. தினமும் செய்கிற வேலைதான். சுரங்கத்துக்கடியில் பாறைக்கு வெடி வைக்கிற நேரம், நிலம் அதிரும். ஞாயிற்றுக்கிழமை வெடி கிடையாது. புட்டிகளைப் பிடித்தபடியே திகைத்து நின்றாள்.

புதன்கிழமை ஒரு மணிக்குத் துரையின் மூக்குக்கண்ணாடி காணாமல் போயிற்று. துரை மேஜைக்கடியில் தவழ்ந்து தேடினார். பார்வதம்மாவும் மும்முரமாகத் தேடினாள். கண்ணாடி அவள் இடுப்புச் செருகலில் இருந்தது. வெடி அதிர்ந்தது. தாயின் மடியில் பிள்ளை விறைத்துத் துள்ளி, மெல்லத் தளர்ந்தாள். உடனே கண்ணாடியும் கிடைத்தது.

மரியகுழந்தை உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் பிடித்துக் குவளையைக் காலி செய்து, இன்னும் வேண்டுமென்று துரையிடமே நீட்டினாள். பியாட்ரிஸ் வாய்விட்டு அழுதாள். இன்று மட்டும் எப்படி என்று துரை பார்வதம்மாவைக் கேட்டார்.

“வெடிங்க, தொரை. நம்ம ஒடம்புக்குப் பழகிப்போச்சு. கொயந்தைக்குப் பழகல. தப்பு எம்மேலயும்தான்.”

துரை பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். ஒரு மணிக்கு வந்து ‘முடியாது’ வாங்கிப்போன பிள்ளைகள் இன்னும் ஆறு பேர். அத்தனை பேரையும் நாளைக் காலை பத்து மணிக்கு வரச்சொல் என்றார். பார்வதம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்போதே கிளம்பினாள்.