குரூப்புல போட்டேனேக்கா

அந்த அதிகாரியை எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தது நான்தான். யாரும் என் கையைப் பிடித்து அழுத்தச் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் யாரைத் திட்டினாலும் அந்த வரிசையில் நானும் நிற்கிறேன் என்று தெரியட்டும்.

நைனார்பாளையம் போகிற வழியில் ஓர் ஏரிக்கரையை ஒட்டி எங்கள் வீடுகள். இருபது இருக்கும். எல்லோரும் கூலிக்குப் போகிறவர்கள். ஏரிப் புறம்போக்கு, காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். வேறு இடம் காட்டிவிட்டு இடியுங்கள் என்று ரோட்டில் உட்கார்ந்தோம். மூன்று நாள். எங்களுக்காகச் சங்கராபுரத்துக்காரர்களும் பஸ்ஸை மறித்தார்கள். யார் சோறாக்குவது, யார் எப்போது வந்து உட்காருவது என்று சொல்லிக்கொள்ளத்தான் அந்தக் குரூப்பை ஆரம்பித்தேன். ஒரு தடவை பேசிப் போட்டால் எல்லார் காதிலும் விழுந்துவிடும். வீடு வீடாகப் போய்ச் சொல்வதையும் ஆளாளுக்குப் போன் போடுவதையும் அதோடு விட்டுவிட்டோம்.

மூன்றாம் நாள் தாலுகா ஆபீசிலிருந்து அந்த அதிகாரி வந்தார். எங்களோடு தரையில் உட்கார்ந்து டீ குடித்தார்.

"பத்து நாளைக்கு யாரும் கை வைக்க மாட்டாங்கக்கா. நான் மேல பேசறேன். இன்னா முடிவுன்னு உங்க குரூப்புலயே போடறேன், என்னயும் சேத்துக்கோங்க. இந்த வெய்யில்ல இன்னாத்துக்கு உக்காந்துகினு கெடக்கறீங்க?"

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. பேண்ட் சட்டை போட்ட மனுஷன் ஒருவர் நம்மோடு மண்ணில் உட்கார்ந்தால் போதும், நமக்குப் புத்தி கழன்றுவிடும். "சார் சொல்றாரு இல்ல, எழுந்திருங்க" என்று நானே எல்லாரையும் கிளப்பினேன். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் எழவில்லை. கைக்குழந்தைக்காரி. என்னைவிட ரொம்பச் சின்னவள்.

"எழுதி வாங்கிக்கலாம்கா," என்றாள்.

"குரூப்புலயே போடறேன்றாரு, அதுக்கு மேல இன்னாடி எழுத்து?" என்று அவள் வாயை அடைத்தேன்.

மறுநாள் காலையில் லோடு ஆட்டோவில் ஏறி மலையடிவாரத்துக்கு மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போனோம். ஆண்களும் ஆளுக்கொரு வேலையைப் பார்த்துக் கிளம்பிவிட்டார்கள். வீடுகளில் இருந்தது நாலைந்து வயசானவர்களும் அவளும்தான். கல்வராயன் மலைக்குக் கீழே என்றைக்குமே டவர் சரியாகக் கிடைக்காது. அதனால் செல்லில் நெட் இல்லாதது எங்களுக்கு உறைக்கவே இல்லை. ஒருத்தி, தன் ரீசார்ஜ் முடிந்துவிட்டது என்று புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் வரலன்னா நல்லதுதான்டி. கெட்டதுன்னா இந்நேரம் குரூப்பு கத்திக்கினு இருக்கும்," என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மதியம் சாப்பிடக் கை கழுவும்போது போன் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரிதான். அழவில்லை. குரல் வறண்டு கிடந்தது.

"எல்லாம் முடிஞ்சிடுச்சிக்கா. இனிமே மெதுவாவே வாங்க."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜேசிபி வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டிருந்தது. என் வீடு இருந்த இடத்தில் உடைந்த ஓடும் மண்ணும் கிடந்தன. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவள் ரோட்டோரமாக உட்கார்ந்திருந்தாள்.

"காலையிலயே போன் பண்றதுக்கு இன்னாடி உனக்கு?" என்று கத்தினேன்.

"குரூப்புல போட்டேனேக்கா. புள்ளய வெச்சிக்கினு ஒவ்வொருத்தருக்கா எப்பிடிப் போன் பண்றது? வீடியோ போட்டேன், பேசிப் பேசிப் போட்டேன். போச்சா இல்லயான்னு எங்க பாத்தேன்? ஒருத்தரும் வரல. எல்லாம் பாத்துட்டு, பயந்துக்கினு கம்முனு இருக்கீங்கன்னு நெனச்சிக்கினேன்."

அத்தனை பேரும் பார்த்துவிட்டு வராமல் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே ஒருத்தி பிள்ளையோடு ஜேசிபிக்கு முன்னால் நின்றிருக்கிறாள். வீடு போனதை ஒருநாள் மறந்தாலும் மறப்பேன். இதை மறக்க முடியுமா?

விடிவதற்கு முன்பே சுற்றுவட்டாரம் முழுக்க நெட்டை நிறுத்தியிருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. வதந்தி பரவக் கூடாதாம். வதந்தியாம், வதந்தி! எங்கள் வீட்டை இடிக்கிறார்கள் என்பது வதந்தியா? ரேஷனுக்குக் கைரேகை வை, மனுவை ஆன்லைனில் போடு, எதற்கெடுத்தாலும் செல்லைப் பார் என்று பழக்கிவிட்டவர்களேதான் நாங்கள் கூப்பிட வேண்டிய ஒரு நாளில் வாயைப் பொத்திவிட்டார்கள். ஒரு அறிவிப்பு இல்லை. இன்ன காரணம், இத்தனை நாள் என்று ஒரு காகிதம் இல்லை.

அந்தக் காகிதத்தைக் கேட்டுத்தான் ஆபீசுக்குப் போனோம். அதே அதிகாரி. தலையை நிமிர்த்தவில்லை.

"நெட்ட நிறுத்தறது எங்க கையில இல்லம்மா. பத்து நாள்னு நான் எழுதியா குடுத்தேன்?"

ரோட்டில் அக்கா, ஆபீசில் அம்மா. நன்றாக இருப்பாயா என்று வயிறெரிந்து கேட்டுவிட்டுத்தான் படியிறங்கினேன். என் குரூப்பில் அவர் பெயர் அப்போதும் இருந்தது.

நெட் வந்தபோது நாங்கள் பள்ளிக்கூடத்து வராந்தாவில் இருந்தோம். எல்லார் செல்லும் ஒரே நேரத்தில் கிண்கிண் என்று அடிக்க ஆரம்பித்தன. எல்லாம் அவள் போட்டவை. நான் ஒன்றை அழுத்தினேன். "அக்கா, ஜேசிபி வந்துகினு இருக்குது, சீக்கிரம் வாங்க." அடுத்தது, "இன்னும் கெளம்பலையாக்கா?" அதற்கடுத்தது, "உங்க வூட்ட இடிக்கறாங்கக்கா. நான் சொல்லிப் பாத்தேன், கேக்க மாட்டேன்றாங்க." கடைசியில் இயந்திரச் சத்தம், பிள்ளை அலறுகிறது, அதற்கு மேலே அவள் குரல்: "எல்லாரும் பாத்துக்கினுதான இருக்கீங்க? பாருங்க. நல்லா பாருங்க."

ஆளாளுக்குத் தங்கள் செல்லில் அழுத்தியிருந்தார்கள். வராந்தா முழுக்க முன்னும் பின்னுமாக அவளே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வராந்தாவின் கோடியில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், சேலையை இழுத்துவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் செல்லை மட்டும் பார்த்தாள்.

"அதான் வந்து சேந்துடுச்சி இல்லக்கா," என்றாள். "நிறுத்துங்க. புள்ள தூங்குது."