தொக்தார் வீட்டுச் சூடு

புல்வெளியில் இருந்த உல்போசின் வீட்டில் ஒரு வருஷமாகத் தேநீர்க் கிண்ணம் ஒன்று அதிகமாகவே வைக்கப்பட்டு வந்தது. யாருக்கு என்று கேட்டால், பட்டி வாசலில் கிடக்கும் உலோகப் பந்தைக் காட்டுவாள். "அதோட சொந்தக்காரனுக்கு."

பெரிய அண்டா அளவுப் பந்து. ஏதோ ஒரு விண்கலத்திலிருந்து கழன்ற எரிபொருள் கலமாம். போன வசந்தத்தில் பட்டப்பகலில் வானத்திலிருந்து விழுந்து தோபெலின் முதுகை முறித்தது.

தோபெல், நெற்றியில் வெள்ளைச் சுட்டி கொண்ட பெண் குதிரை. செத்துப்போன கணவன் தொக்தாருடையது. அவன் போனதும் துக்க வழக்கப்படி அதன் வால்முடியைக் கத்தரித்து, யாரையும் ஏறவிடாமல் வைத்திருந்தாள். அவன் செத்த முதலாண்டு விருந்துக்கு அதை அறுக்க வேண்டும் என்று கொழுந்தன்மார் சொன்னபோது மட்டும் வழக்கத்தை மீறினாள். சாயங்காலமானால் தோபெல் மேட்டில் ஏறி, அவன் வரும் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இவள் வாளியோடு வாசலில் நிற்பாள். அவன் இல்லாததை இரண்டு பேருமாகத் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது இவள் ஒருத்திதான்.

அவள் எதிர்பார்த்தது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தில் ஒருவன் காளை இன்னொருவன் குதிரையைக் குத்திவிட்டால், காளைக்காரன் நேரில் வந்து தேநீர் குடித்து, என்னுடையதுதான் செய்தது என்று சொல்லிவிட்டுப் போவான். அந்தச் சொல்லுக்காகத்தான் கிண்ணம்.

மாவட்ட அலுவலகத்து மெய்ராம்பெக் மூன்று தடவை வந்து, மூக்கால் சட்டம் பேசிவிட்டுப் போனான். அவன் வண்டி மறைந்ததும் உல்போசின் அதே மூக்குக் குரலில் ஆடுகளுக்கு அறிவிப்பாள்: ஏவிய நாடே உரிமையாளர், ஏவிய நாடே பொறுப்பாளி, எந்த நாடு என்றுதான் தெரியவில்லை, தெரிந்தாலும் நம் அரசுதான் அந்த அரசைக் கேட்கலாம், நீங்கள் கேட்கக் கூடாது. ஆடுகள் மென்றுகொண்டே கேட்கும்.

வருஷம் திரும்பியது. அந்தப் பக்கத்து வழக்கப்படி, வழிதவறி வந்த மாட்டை ஓராண்டு வைத்துப் பார்த்தும் ஆள் வராவிட்டால், மேய்த்தவர் தன் சூட்டுக்குறியைப் போட்டுக்கொள்ளலாம். உல்போசின் தொக்தாரின் சூட்டுக்கோலைப் பழுக்கக் காய்ச்சி, பந்தின் மேல் மூன்று தடவை அழுத்தினாள். தோபெலின் தொடையில் இருந்த அதே பிறை, உலோகத்தில் நீலமும் ஊதாவுமாகப் பதிந்தது.

அடுத்த வாரமே மெய்ராம்பெக் ஒரு பெட்டியும் காகிதமுமாக வந்தான். பந்து தன்னுடையதுதான் என்று ஒரு நாடு ஒத்துக்கொண்டு, திருப்பிக் கேட்டிருக்கிறதாம். யார் வருகிறார்கள் என்று கேட்டாள். யாரும் வரவில்லை, பெட்டி மட்டும் போகும் என்றான். சூட்டைப் பார்த்ததும் அவனுடைய மூக்குக் குரல் எங்கோ போய்விட்டது.

"அத்தே, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க? விழுந்தாலும் உடைஞ்சாலும் இது அவங்க சொத்து."

"ஒரு வருஷம் வாசல்ல கெடந்துச்சுப்பா. எவனும் தேடி வரல. காகிதத்துல என்ன எழுதிருக்கு, படி."

படித்தான். ஆளில்லாப் புல்வெளியில் கண்டெடுக்கப்பட்டது, யாருக்கும் சேதம் ஏதுமில்லை.

"அப்ப நான் ஆள் இல்லையா?"

அவர்கள் எழுதி அனுப்பியது அப்படி என்று முணுமுணுத்துவிட்டு அவன் தரையைப் பார்த்தான். காகிதத்தின் அடியில், பொருளின் தற்போதைய நிலை என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அவள் அதில் விரலை வைத்தாள்.

"எழுது. பந்து மேல தொக்தார் வீட்டுச் சூடு இருக்கு. அது கொன்ன குதிரை தொடையிலயும் இதே சூடுதான். பொய்யில்லையே?"

பொய்யில்லை. மெய்ராம்பெக் எழுதினான், அவள் கையெழுத்துப் போட்டாள். பெட்டிக்குள் வைத்த பந்தைச் சூடு மேலே வரும்படி அவளே திருப்பினாள். திறக்கிறவன் கண்ணில் முதலில் அதுதான் பட வேண்டும்.

சாயங்காலம் அந்த அதிகப்படிக் கிண்ணத்தைக் கழுவி உள்ளே வைக்கப் போனவள், சூட்டைப் பார்த்தவன் வரக்கூடும் என்று மறுபடி சாப்பாட்டு விரிப்பிலேயே வைத்தாள். பிறகு வாளியைத் தொடாமல் வெளியே போய், தோபெல் வழக்கமாக நின்ற மேட்டில் ஏறி நின்று பாதையைப் பார்த்தாள்.