அக்கா எழுத உட்கார்ந்த நாட்கள்

எங்கள் குடும்பத்தில் யார் காலமானாலும் நினைவு மலரில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: "அன்னார் பொறுமையின் சிகரம், அடக்கத்தின் உறைவிடம்." அந்த வாக்கியத்தை இந்தக் கட்டுரையில் தேட வேண்டாம். என் அக்காவுக்குப் பொறுமை குறைவு. அடக்கம் அதைவிடக் குறைவு. அவர் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்த நாளில், அவர்மீது கொண்ட அன்பினால் வந்திருக்கும் உங்கள் கையில் ஒரு பொய்யைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அக்கா கதை எழுதினார். அதற்கு நேரம் கேட்டார். கொடுக்காதபோது எடுத்துக்கொண்டார். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். பிடிக்காதவர்கள் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு மலரை மூடிவைக்கலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

அக்கா மலாயாவில், ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் பால்மரம் சீவியவர்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இருந்த வகுப்புகளையெல்லாம் முடித்துவிட்டு, அதற்கு மேல் வகுப்பு இல்லாததால் வீட்டுக்கு வந்தார். லயத்து வீடுகளில் குடியிருந்த தோட்டத் தொழிலாளிகளுக்குத் தமிழ்நாட்டு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் வேலை அவருடையது. அதிலும் ஒரு புகார் வந்தது. "ஆடு செத்துப் போச்சுன்னு எழுதச் சொன்னா, அது சாவறப்போ என்னை எப்படிப் பாத்துச்சுன்னு எழுதுதுங்க உங்க பொண்ணு. ஊருல என் சம்சாரம் அழுதுகிட்டுக் கெடக்கா" என்று ஒரு பெரியவர் அப்பாவிடம் வந்து முறையிட்டார். அப்பா அக்காவைக் கண்டித்தார். அக்கா, "ஆடு அப்படித்தானே பாத்துச்சு" என்றார்.

மணமாகி மலாக்கா டவுனில் காஜா பெராங் என்ற பகுதிக்கு வந்தார். அத்தானுக்குப் பலகை ஆலையில் வேலை. வாடகைக்கு ஒரு பலகை வீடு, பின்னால் கிணறு, கிணற்றை ஒட்டி விறகுக் கொட்டகை. அத்தான் நல்ல மனிதர். "எழுதறதுன்னா எழுதிக்க புள்ள, என் சட்டைக்குப் பொத்தான மட்டும் தெச்சுடு" என்று சொன்னவர். ஆனால் வீடு அப்படிச் சொல்லவில்லை. மாமியார், கணவர், அடுத்தடுத்து ஒரு மகன், ஒரு மகள். அக்கா பென்சிலைக் கையில் எடுத்தால் போதும், தொட்டிலில் தூங்கும் பிள்ளைக்கு எப்படியோ தெரிந்துவிடும். பிள்ளை தூங்கினால் அரிசி களைய வேண்டும், அரிசி களைந்தால் துணி காத்திருக்கும். அக்காவின் மாமியாரை நானும் அத்தை என்றே அழைத்தேன். அத்தை கெட்டவர் இல்லை. ஆனால் மருமகள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவருக்கு உடம்பு எரியும். எழுதுவதும் அவர் கணக்கில் சும்மா உட்காருவதுதான்.

அக்காவுக்கு ஒரே ஒரு வழி கிடைத்தது. வீட்டுக்குத் தூரமான நாட்கள். மாதத்தில் அந்த மூன்று நாளும் பெண் அடுப்பைத் தொடக்கூடாது, குடத்தைத் தொடக்கூடாது, விறகுக் கொட்டகையில் ஒதுங்கி உட்கார வேண்டும். மற்ற பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு போய் உட்காருவார்கள். அக்காவுக்கோ அது தீபாவளி. யாரும் கூப்பிட முடியாது, கூப்பிட்டாலும் உள்ளே வர முடியாது. "தீட்டோட சரஸ்வதியத் தொடலாமா?" என்று அத்தை ஒருமுறை அதட்டினார். "இது சரஸ்வதி இல்ல அத்தை, பென்சில்" என்று பதில் வந்தது.

தாள் பக்கத்து வீட்டிலிருந்து வரும். அது தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழ்ந்த செட்டிக் குடும்பம். நம்மைப்போலவே சாமி கும்பிடுவார்கள், வாயைத் திறந்தால் மலாய். அந்த வீட்டு அம்மாளின் கணவர் வெள்ளைக்காரன் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர். ஒரு பக்கம் இங்கிலீஷ் அடித்த பழைய தாள்களை அந்த அம்மாள் வேலிக்கு மேலே நீட்டுவார். அக்காவின் கதை மறுபக்கத்தில் வளர்ந்தது. ஒரு தோட்டத்துப் பெண்ணின் நெடுங்கதை அது.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்தில் சோற்றுக்கு வழியில்லாமல் போகவே, அப்பா என்னை அக்கா வீட்டில் கொண்டுவந்து விட்டார். எனக்கு அப்போது பதினாறு வயது. நான் வந்த சில நாட்களில், சாமான் வாங்கப் பாசாருக்குப் போன அத்தானை ஜப்பான்காரர்கள் சந்தையிலேயே பிடித்து லோரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டு போய்விட்டார்கள், ரயில் பாதை போட. சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை. அவருடன் பாசாருக்குப் போன கூடை மட்டும் யார் மூலமாகவோ திரும்பி வந்தது.

அதன் பிறகு எங்கள் வாழ்க்கை மரவள்ளிக்கிழங்குதான். பிடுங்கு, தோலுரி, துருவு, பிழி, காயவை, இடி. காலையில் மரவள்ளிக் களி, மாலையில் மரவள்ளி ரொட்டி. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றால் பாதி நாள் போய்விடும், கிடைப்பதில் பாதி சுண்ணாம்பு. நெஞ்செலும்பு தெரிய இளைத்துப்போனோம். அப்போது அக்காவுக்குத் தீட்டு நின்றுபோனது. இதை மலரில் எழுதலாமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பட்டினி வயிற்றோடு மட்டும் நிற்பதில்லை. எத்தனையோ பெண்களுக்கு அந்த நாட்களில் அது நின்றுபோனது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருத்தியும் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தாள்.

தீட்டு நின்றதும் அக்காவின் எழுத்து நாட்களும் நின்றன. ஒரு மாதம் பார்த்தார், இரண்டு மாதம் பார்த்தார். கதையின் நடுவில் அந்தப் பெண்ணை ஆற்றங்கரையில் நிறுத்தி வைத்திருந்தார். "அவ அங்கேயே நிக்கிறா. கால் வலிக்காதா அவளுக்கு?" என்று என்னிடம் புலம்புவார். மூன்றாம் மாதம் ஒரு காலையில் அத்தையிடம், "நான் தூரம்" என்று சொல்லிவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் போய்விட்டார். பச்சைப் பொய். எனக்குத் தெரியும். எழுதிவிட்டு நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன், இன்றுவரை அதற்காக வெட்கப்படவும் இல்லை.

அடுத்த மாதமும் போனார். அதற்கடுத்த மாதமும். அக்காவின் புத்தி கதையில் இருந்ததே தவிர துணியில் இல்லை. தூரமான பெண் தன் துணியைத் தானே கசக்கி, கிணற்றுக்குப் பின்னால் கட்டிய கயிற்றில் காயப்போட வேண்டும். கயிறு காலியாகவே கிடந்தது. எங்கள் வரிசை வீடுகளில் இருந்த ஒரு அம்மாள் அதைக் கண்டுபிடித்துவிட்டார். பெயரைச் சொல்லமாட்டேன், அவர் பேரப்பிள்ளைகள் இன்று இந்த மலரை வாங்கப் போகிறார்கள். புருஷன் சயாமில். மருமகள் மாதாமாதம் ஒதுங்குவதுபோல் நடிக்கிறாள். துணி காயவில்லை. அப்படியானால் வயிற்றில் என்ன? கிணற்றடியில் பெண்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள்.

ஒரு காலை வேளையில் அந்த அம்மாள் இன்னொரு பெண்ணைத் துணைக்கு அழைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்தார். அக்கா கொட்டகையில் எழுதிக்கொண்டிருந்தார். நான் மரவள்ளி துருவிக்கொண்டிருந்தேன்.

"உங்க மருமவ தூரமா இருக்காளாமே? துணி எங்கங்க காயுது? காத்துலயா?" என்றார் அந்த அம்மாள், தெருவே கேட்கும்படி.

அத்தைக்கு ஒரு நொடியில் விஷயம் விளங்கிவிட்டது. அவர் முகம் வெளுத்தது. ஆனால் குரல் இறங்கவில்லை. "என் மருமவ துணிய நான்தான் தொவைச்சேன். உள்ளார காயப்போட்டேன். உனக்கு என்ன வந்துச்சு இப்போ?"

நான் துருவுவதை நிறுத்திவிட்டேன். மருமகளின் தீட்டுத் துணியை மாமியார் துவைத்தாராம்! அந்தக் காலத்தில் எந்த மாமியாரும் தன் வாயால் சொல்லிக்கொள்ளாத பேச்சு. வந்தவர்கள் நம்பவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நின்றார்கள். அக்கா அந்தப் பொய்க்குள் பேசாமல் இருந்திருக்கலாம். மானமும் தப்பியிருக்கும், கொட்டகையும் தப்பியிருக்கும். ஆனால் அவர் கையில் தாளோடு பின்பக்கமிருந்து சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"வேணாம் அத்தை. எனக்காக நீங்க அசிங்கப்பட வேணாம்" என்றார். பிறகு அந்தப் பெண்களைப் பார்த்தார். "எனக்குத் தீட்டு வரல. மாசக்கணக்கா வரல. நான் கதை எழுதத்தான் அங்க போய் உக்காந்தேன். இந்தா, இதான் கதை. வவுத்தத் தொட்டுப் பாக்கணுமா? வந்து பாருங்க, எலும்புதான் தட்டுப்படும். இந்த மரவள்ளியத் தின்னுட்டு எவளுக்கு வருது? உங்களுக்கு வருதா? நெஞ்சுல கை வெச்சுச் சொல்லுங்க."

துணைக்கு வந்த பெண்தான் முதலில் அழுதாள். "எனக்கும் இல்லக்கா. எனக்கு ஏதோ வியாதின்னு நெனச்சேன்" என்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற செட்டி அம்மாளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. தாளைப் பார்த்துவிட்டு, "காசி டியா துலிஸ்லா!" என்று எல்லோரையும் பார்த்து ஒரு அதட்டுப் போட்டார். அவளை எழுத விடுங்கள் என்று அர்த்தம். வந்தவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் எதிர்பார்த்த பிள்ளை பிறக்கவே இல்லை. ஆனாலும் யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை.

அவர்கள் போனதும் அத்தை திரும்பினார். தீட்டைப் பற்றியோ சாமியைப் பற்றியோ அவர் பேசவில்லை. "அடிப் பாவி! மாசாமாசம் அத்தனை கெழங்கையும் என்னைத் துருவ விட்டுட்டு நீ கதையா எழுதுனே?" என்று கத்தினார். கையைக் காட்டினார். விரல் முட்டியெல்லாம் புண்.

அக்கா காலில் விழவில்லை. "தப்புதான். ஆனா எழுதாம இருக்க என்னால ஆவாது அத்தை. பொய் சொல்லி எழுதறதா, சொல்லிட்டு எழுதறதான்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

மறுநாள் மதியம் அத்தை, துருவிப் பிழிந்த மாவைப் பாயில் காயப்போட்டபோது, "இத யாராச்சும் காக்கா கொத்தாம காவல் இருக்கணும். போய் உக்காரு" என்று அக்காவிடம் முறைத்துக்கொண்டே சொன்னார். அன்றிலிருந்து அக்கா பட்டப்பகலில், முன்வாசலில், போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க எழுதினார். பக்கத்தில் ஒரு குச்சி. கதை சூடுபிடித்தால் குச்சியை மறந்துவிடுவார். "காக்கா! காக்கா!" என்று அத்தை உள்ளேயிருந்து கத்துவார். எங்கள் மாவில் நிறைய காக்காய்க்குத்தான் போயிற்று.

ஜப்பான்காரன் சண்டை முடிந்த பிறகு சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் அத்தானின் செய்தியைக் கொண்டுவந்தார். காய்ச்சலில் போய்விட்டாராம். எங்கே புதைத்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. அக்கா அழுதார், மயங்கி விழுந்தார். சில நாட்கள் சென்று, துக்கம் கழியும் முன்பே தாளை எடுத்து எழுத உட்கார்ந்தார். துக்கம் கேட்க வந்த உறவுக்காரர்கள் வாயில் கை வைத்தார்கள். "புருஷன் செத்து ஈரம் காயல, இவ எழுதறா பாரு" என்று ஒருவர் சொன்னார்.

மூலையில் சுருண்டு கிடந்த அத்தை எழுந்து உட்கார்ந்தார். "எம்மவன் எலும்புகூட வீடு வரல. அவன் பேரு இனிமே எங்க இருக்கும்? அவ எழுதட்டும். தொந்தரவு பண்றவங்க எழுந்து போங்க" என்றார். வந்தவர்கள் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்துபோனார்கள்.

ஆற்றங்கரையில் நின்ற அந்தப் பெண் அக்காவின் கதையில் சயாமுக்குப் போன கணவனைத் தேடி நடந்தாள். பின்னாளில் அது ஒரு பத்திரிகையில் அக்காவின் பெயரிலேயே வந்தது. அதன்பின் அக்கா தையல் வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கினார், அத்தையைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றினார், எழுதிக்கொண்டே இருந்தார். மலாக்காவை அடுத்த செங் என்ற ஊரில் மகன் வீட்டில் இருந்த கடைசி மாதங்களில் கை நடுங்கியது. எழுத்து கோணிப்போனதைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்ததே தவிர, நிறுத்தவில்லை.

இறப்புக்கு வந்த உங்களில் சிலர், "குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்காமல் எழுதினாரே" என்று புகழ்ந்தீர்கள். அது உண்மையில்லை. குறை வைத்தார். எங்கள் சோறு பலநாள் தீய்ந்தது. பொத்தான் இல்லாத சட்டையோடு பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். ஒருவரும் செத்துப்போகவில்லை.

எங்கள் துயரில் துணை நின்ற அனைவருக்கும், மருத்துவமனையில் கண்விழித்த உறவுகளுக்கும், இறுதிச் சடங்கை முன்னின்று நடத்தியவர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. தாள் கொடுத்த செட்டி அம்மாளுக்கும், காக்கா விரட்டிய அத்தைக்கும், அவர்கள் இல்லாவிட்டாலும், நன்றி. இந்தக் கட்டுரையை மலருக்காகத் தட்டச்சு செய்து கொடுத்த அக்காவின் மருமகளுக்குத் தனியாக ஒரு நன்றி. பாதி அடித்துக்கொண்டிருக்கும்போது அக்காவின் மகன் வந்து எட்டிப் பார்த்தான். "தீட்டு, தூரம்னு இருக்கே, அதையெல்லாம் எடுத்துடலாமே. சொந்தக்காரங்க படிப்பாங்க. சரி, மணியாச்சு, சாப்பாடு ஆச்சா?" என்றான்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு எழுத்துகூட எடுக்க முடியாதுங்க. அடுப்புல சோறு இருக்கு, நீங்க போய் வடிங்க. நான் இத முடிச்சிட்டுத்தான் எழுந்திரிப்பேன்."