கெட்டிக்கையின் பதினொரு காதுகள்

அவள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் ஒரு செப்புக் கம்பி தொங்குகிறது. அதில் பதினொரு பீங்கான் காதுகள் கோத்திருக்கின்றன. காது என்றால் கப்பைப் பிடித்துத் தூக்குகிறோமே, அந்தக் காது. கப்புகள் போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆகிறது. காதுகள் மட்டும் காற்றடித்தால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பேசும். வீட்டுக்கு வருகிறவர்கள், “இது என்னங்க அலங்காரம்?” என்று கேட்டால், “என்னோட மார்க் ஷீட்டு” என்பாள். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாள். திறக்க வைக்க வேண்டுமென்றால் அவள் புருஷன் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் வேண்டுமென்றே ஓரிடத்தில் தப்பாகச் சொல்வார். அதைத் திருத்தப் போய் அவள் முழுக் கதையையும் கொட்டிவிடுவாள்.

அப்போது கடைத்தெருவில் ஒரு பீங்கான் கடை இருந்தது. இப்போது அந்த இடத்தில் போன் விற்கிறார்கள். முன்பக்கம் கண்ணாடி அலமாரிகள், விளக்குகள், நாற்காலி போட்டு உட்கார வைக்கும் மரியாதை. பின்பக்கம் பேக்கிங் அறை. நீளமான மர மேசை, அதன் கீழே பழைய காகித மூட்டைகள், மூலையில் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். ஆறு பெண்கள் அங்கே நின்றுகொண்டே வேலை செய்வார்கள். அந்த அறைக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. எவள் கையிலிருந்து கப் விழுந்து உடைகிறதோ, அவளே அதன் காதைப் பொறுக்கி, சுவரில் தன் ஆணியில் தொங்கும் கம்பியில் கோக்க வேண்டும். திட்டு கிடையாது, விசாரணை கிடையாது. காது பேசாமல் தொங்கும், அவ்வளவுதான். தட்டு உடைந்தால் நேரே குப்பைத் தொட்டி. காது இல்லாத பொருளுக்கு அந்த மரியாதை இல்லை.

இன்னொரு சட்டம் கை மாற்றுவது பற்றியது. ஒரு பொருளை ஒருத்தி நீட்டினால், வாங்குகிறவள் “பிடிச்சாச்சு” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது காதில் விழாமல் கொடுத்தவள் கையை எடுக்கக் கூடாது. அந்தச் சொல் காதில் விழுந்த பிறகு ஒரு நொடிகூடக் கையை வைத்திருக்கவும் கூடாது. இரண்டு பேர் அரைகுறையாகப் பிடித்திருக்கும் பொருள்தான் தரைக்குப் போகும் என்பது மேனேஜரின் கட்சி. நாள் முழுக்க அந்த அறையில் “பிடிச்சாச்சு, பிடிச்சாச்சு” என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒன்பது வருஷம் அவள் கம்பி வெறுங்கம்பியாகவே தொங்கியது. காகிதத்தை எடுத்தால் மூன்று சுற்று, ஒரு மடிப்பு, ஓர் அமுக்கு, பெட்டிக்குள் போயிற்று. கெட்டிக்கை என்று பெயர் வைத்தார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை மேனேஜர் முதலில் அந்த வெறுங்கம்பிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். அவளுக்குப் பெருமை தாங்காது. உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. யாராவது கப்பைப் போட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓர் உச்சுக் கொட்டுவாள் பாருங்கள், போட்டவளுக்கு அதற்குத் திட்டே தேவலை என்றிருக்கும்.

புருஷன் பூட்டுக்காரர். சாவி வெட்டுவது, திறக்காத பூட்டைத் திறப்பது, திறந்தே கிடப்பதைச் சரிசெய்வது அவர் தொழில். கீழே கடை, மேலே இரண்டு அறை வீடு. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. “விசேஷம் ஏதும் உண்டா?” என்று கேட்கும் உறவுக்காரர்களுக்கென்று அவள் ஒரு சிரிப்பைத் தனியாக வைத்திருந்தாள். அந்தச் சிரிப்பும் தேய்ந்துகொண்டு வந்தது.

ஒருநாள் காலையில் புதுக் காகித மூட்டையைப் பிரித்தாள். அச்சு மை வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. பின்கட்டுக்கு ஓடினாள். பின்னாலேயே வந்தவள் ரேடியோ அக்கா. மூன்று பிள்ளை பெற்றவள். விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒலிபரப்புத்தான், அதனால் அந்தப் பெயர்.

“எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கு?”

“நாப்பது.”

“நாப்பது நாளா வாயைத் திறக்காம இருந்திருக்கியேடி! நீயெல்லாம் ஒரு மனுஷியா?”

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவள் கெஞ்சினாள். ரேடியோ அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். சாப்பாட்டு மணிக்குள் கடைத்தெருவுக்கே தெரிந்துவிட்டது. தெரியாத ஒரே ஆள் புருஷன்தான். சாயங்காலம் அவர் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே வந்தார். “எதிர்க்கடை வாட்ச்காரர் வந்து கையைப் பிடிச்சுக் குலுக்கு குலுக்குன்னு குலுக்கறார். எதுக்குன்னே தெரியல, நானும் குலுக்கிட்டு வந்துட்டேன். என்ன விஷயம்?” என்று கேட்டார். அவள் சொன்னதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் ஒரே சாவியை மூன்று தடவை தப்பாக வெட்டினார்.

அதன் பிறகு வந்த மாதங்களை இன்றைக்கு நினைத்தாலும் அவளுக்குச் சிரிப்பாகவும் இருக்கும், வெட்கமாகவும் இருக்கும். விளிம்பில் கீறல் விழுந்த ஒரு சாஸரைப் பார்த்து, ஐயோ இதை யாரும் வாங்க மாட்டார்களே என்று அரைமணி நேரம் தேம்பினாள். புருஷன் மெல்லும் சத்தம் பொறுக்காமல் அவரை வேறு அறையில் போய்ச் சாப்பிடச் சொன்னாள். போனதும், என்னைத் தனியாக விட்டுவிட்டீர்களே என்று அழுதாள். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு அறைக்கும் நடுவில் நின்று சாப்பிட்டார். ஐந்தாம் மாதத்தில் மேசை ஓரத்தில் நிற்கும்போது வயிற்றுக்குள் முதல் அசைவு தெரிந்தது. கையிலிருந்த டீ ஜாடியை அப்படியே பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். “வாங்குடி, கை வலிக்குது” என்று எதிரில் ரேடியோ அக்கா இன்னொன்றை நீட்டிக்கொண்டே சொன்னது அவளுக்குக் கேட்கவே இல்லை. அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடாக எதையும் அவள் இன்றுவரை சொன்னதில்லை.

ஆறாம் மாதம் காலையில் எழுந்தால் விரல்கள் மரத்திருந்தன. உதறினால் சரியாகும், மறுபடி மரக்கும். ஒரு திங்கட்கிழமை, நீலக் கோடு போட்ட ஒரு கப் அவள் கையிலிருந்து விழுந்தது. நழுவியதுகூடத் தெரியவில்லை, சத்தம் கேட்டுத்தான் குனிந்து பார்த்தாள். அறையில் ஐந்து பேரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். யாரும் உச்சுக் கொட்டவில்லை, அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. காதைப் பொறுக்கி வெறுங்கம்பியில் கோத்தாள். அந்த வாரமே இன்னொன்று. அடுத்த வாரம் இரண்டு.

விரல் விஷயத்தை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. டாக்டர் ஒவ்வொரு தடவையும், “வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?” என்று கேட்பார். “ஒண்ணுமில்ல டாக்டர்” என்பாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அவளுக்குள் அது அவ்வளவு தெளிவாக இருந்தது. ஒரு கப்பைப் பிடிக்க முடியாத கை பிள்ளையை எப்படிப் பிடிக்கும்? இந்தக் கையை நம்பிக் குழந்தையைக் கொடுக்க முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால்? வீட்டில் கண்ணாடி டம்ளர்களை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டு எவர்சில்வருக்கு மாறினாள். புருஷன் ஒன்றும் கேட்கவில்லை. பூட்டு வேலை செய்கிறவருக்கு, திறக்காததை முட்டித் திறக்கக் கூடாது என்று தெரியும்.

கம்பியில் பத்துக் காதுகள் சேர்ந்தன. பிறக்கும்போது மூன்று கிலோ இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மற்றவர்கள் முற்றத்தில் சாப்பிட உட்கார்ந்த ஒரு மத்தியானம், அவள் தனியாக உள்ளே வந்து அலமாரியைத் துழாவினாள். மூடி போட்ட பெரிய சூப் கிண்ணம் ஒன்று இருந்தது, இரண்டு பக்கமும் காது வைத்தது. பார்சல் தராசில் வைத்தாள். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அதை ஒரு துண்டில் சுற்றினாள், முகம் தெரிகிற மாதிரி ஒரு பக்கம் திறந்து விட்டு. மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவே நடந்தாள். கதவு வரை போய்த் திரும்பினாள். இரண்டு தடவை நன்றாகத்தான் போயிற்று. மூன்றாவது தடவை திரும்பும்போது துண்டு மட்டும் கையில் இருந்தது.

சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவள் ரேடியோ அக்கா. சில்லுகளுக்கு நடுவே எட்டு மாத வயிற்றோடு அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் துண்டு.

“அக்கா, குழந்தையைக் கீழ போட்டுட்டேன்.”

ரேடியோ அக்கா துண்டைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். விரல் மரப்பது, டாக்டரிடம் மறைத்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. “யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா.” “சொல்ல மாட்டேன்.” உடையாமல் மிஞ்சிய ஒரு காதை ரேடியோ அக்காவே கம்பியில் கோத்தாள். அது பதினொன்றாவது.

பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ நூறு கிராம், ரோஷமான அழுகை. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, “இந்தாம்மா, வாங்கிக்கோ” என்று நீட்டினாள். அவள் கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். “அசதியா இருக்கு. அவர்கிட்ட குடுங்க” என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிள்ளையைப் பார்க்க உயிர் துடித்தது.

பூட்டுக்காரர் குழந்தையை வாங்கிக்கொண்டு படுக்கைக்குப் பக்கத்தில் வந்தார். குனிந்து அவள் மார்பின் மேல் குழந்தையை வைத்தார். ஆனால் அடியில் கொடுத்த தன் இரண்டு உள்ளங்கைகளையும் எடுக்கவில்லை.

“நீ ‘பிடிச்சாச்சு’ன்னு சொன்னாத்தான் விடுவேன்” என்றார்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அந்தச் சொல் பேக்கிங் அறைச் சொல். வீட்டில் அதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ரேடியோ ஒலிபரப்பிவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், சூப் கிண்ணம் உட்பட.

“சொல்ல மாட்டேன்” என்றாள் அழுதுகொண்டே.

“சொல்லாத. எனக்கென்ன அவசரம்?”

குனிந்தபடியே நின்றார். நர்ஸ் இரண்டு தடவை வந்து போனாள். மூன்றாவது தடவை, “என்ன சார், போட்டோவுக்கு நிக்கிறீங்களா?” என்றாள். அதற்கப்புறம்தான் அவள் விரல்களைப் போர்வைக்கு வெளியே நீட்டிக் காட்டினாள். நர்ஸ் அமுக்கிப் பார்த்தாள். “நீர் கோத்துக்கிட்டு நரம்பை அழுத்துது. நிறையப் பேருக்கு வர்றதுதான், சில வாரத்துல போயிடும். இத்தனை மாசமா ஏன்மா சொல்லல?” என்றாள். அவ்வளவுதான் விஷயம். அதற்கா நான் மூன்று மாதம் செத்துப் பிழைத்தேன் என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. ஆனாலும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. நர்ஸ் சொன்னதை மனசு நம்பியது, கை நம்பவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே கதை. படுத்தபடி பால் கொடுப்பாள், தூக்க மாட்டாள். தூக்க வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரால் தரையைத் தட்டுவாள். கீழே பூட்டுக்காரர் ‘இதோ வருகிறேன்’ பலகையை மாட்டிவிட்டு, கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு மேலே வருவார். குழந்தையை அவள் கையில் வைத்து, அடியில் தன் கையைக் கொடுத்துக் குனிந்து நிற்பார். முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு முக்காலி செய்து போட்டுக்கொண்டார். பூட்டிய வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டவர்கள் தெருவில் நின்று பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தொன்பதாம் நாள். அவர் பதினேழு என்பார். அவர் சொல்வதை நம்பாதீர்கள். காலை பத்து மணி வெயில் படுக்கை வரை வந்திருந்தது. குழந்தை பால் குடித்துக்கொண்டே அவள் ஆள்காட்டி விரலை இறுக்கிப் பிடித்திருந்தது. திடீரென்று அவள், “ஆ!” என்றாள்.

“என்னாச்சு?”

“கிள்ளறா.”

“பச்சைக் குழந்தை, நகம் பட்டிருக்கும்.”

“இல்லங்க. வலிக்குது. எனக்கு விரல் வலிக்குதுங்க!”

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கட்டை விரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். துணியின் சொரசொரப்பு தெரிந்தது. குழந்தை மூச்சு விடுவது உள்ளங்கையில் தெரிந்தது. முழங்கையை ஒடுக்கி, கையை விரித்து, மொத்தப் பாரத்தையும் தன் பக்கம் வாங்கிக்கொண்டாள். பிறகு, நீளமான மேசையின் மறுகோடிக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“பிடிச்சாச்சு.”

அவர் கையை எடுக்கவில்லை.

“பிடிச்சாச்சுன்னு சொன்னேன்.”

“கேட்டுச்சு.”

“கேட்டா விடணும். அதான் சட்டம்.”

“இரு” என்றார். அவர் கண் குழந்தையைவிட்டு நகரவில்லை. “இத்தனை நாளும் உனக்காகப் பிடிச்சிருந்தேன். இப்ப கொஞ்ச நேரம் எனக்காகப் பிடிச்சுக்கறேன்.”

கீழே, வீட்டுச் சாவியைத் தொலைத்த யாரோ கடைப் பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.