மாமா வீட்டுச் சுவரில் ஒரு நாற்பத்திரண்டு

போன வாரம், நன்றாக இருட்டிய சாயங்காலம். தேனியிலிருந்து கூடலூருக்கு வந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த பஸ் நின்றது. நானும் நின்றேன். டிரைவர் தலையை வெளியே நீட்டி, ரொம்ப நிதானமாகக் கேட்டார்.

"ஏலே, மரத்துல என்னத்தத் தேடுற?"

பார்த்தேன். நியாயமான கேள்விதான். என் ஜீப்பின் ஹெட்லைட்டில் புளியமரத்தின் உச்சிக்கிளை இலை இலையாகத் தெரிந்தது. ரோடுதான் தெரியவில்லை.

பஸ்ஸுக்குப் பின்னால் ஒருவர், திராட்சைப் பெட்டிகளோடு மொபெட்டை மண்ணில் இறக்கிவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றிருந்தார். அதுதான் உறுத்தியது.

விஷயம் இதுதான். மூன்று மாதம் முன்பு ஜீப்பை நாலு இன்ச் தூக்கினேன். லிஃப்ட் கிட், பெரிய டயர், முன்னால் ஒரு இழுவைக் கொக்கி, அந்தக் கொக்கிக்குச் சிவப்பு பெயின்ட். எல்லாம் மலை ஏறத்தான். இதுவரை ஏறிய மலை... எங்கள் தெருமுனை ஸ்பீட் பிரேக்கர்.

முகத்தைத் தூக்கினால் பார்வையும் மேலே போகாதா? வண்டிக்கும் அதேதான். மெக்கானிக்கிடம் கேட்டதற்கு, "ஓட ஓட லைட்டு தானா எறங்கிரும் தம்பி" என்றார். நான் இன்ஜினியரிங் படித்தவன். நம்பினேன்.

ஆனால் மொபெட்காரர் முகம் விடவில்லை. மறுநாளே வேலையில் இறங்கினேன். முறை சுலபம். சமதரையில் வண்டி, இருபத்தைந்து அடி தள்ளி ஒரு சுவர். தரையிலிருந்து லைட்டின் நடுப்புள்ளி எத்தனை இன்ச் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு குறுக்குக் கோடு. இரண்டு லைட்டுக்கும் நேராக இரண்டு நெடுக்குக் கோடு. வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் குறுக்குக் கோட்டுக்கு இரண்டு இன்ச் கீழே விழும்வரை லைட்டுக்குப் பின்னால் இருக்கிற ஸ்க்ரூவைத் திருக வேண்டும். அவ்வளவுதான்.

என் வாசலில் ஜீப்பை நிறுத்தினால், அளந்து வைத்தாற்போல இருபத்தைந்து அடியில் எதிர்வீட்டுச் சுவர். செல்வராசு மாமாவுடையது. சொந்தமெல்லாம் இல்லை, தெருவுக்கே மாமா. முன்னால் உரக்கடை, பின்னால் வீடு. அன்றைக்குக் குடும்பத்தோடு மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வெள்ளைச் சுவரில் சாக்பீஸ் எடுபடுமா? கொக்கிக்கு அடித்தது போக மீந்த சிவப்பு பெயின்ட்தான் இருக்கிறதே. வந்ததும் சொல்லிவிட்டு, நானே வெள்ளையடித்துக் கொடுத்துவிடலாம்...

கோடு போட்டேன். உயரம் மறக்காமல் இருக்க, பக்கத்திலேயே 42 என்று பெரிதாக எழுதினேன். ஸ்க்ரூவைத் திருகினேன். அரை மணி நேரத்தில் லைட் பணிவாகத் தரையைப் பார்த்தது. மறுநாள் காலையில் கம்பீரமாக வேலைக்குப் போனேன். மாமா ஊர் திரும்பியதும் சொல்ல வேண்டியதை, அந்தக் கம்பீரத்தில் மறந்தே போனேன்.

சாயங்காலம் வந்தால் தெருவே மாமா வீட்டு முன்னால்.

கடைக்கு முன்னால் தெருப்பக்கம் மூன்றடி நீட்டியிருந்த தகரக்கூரை கழற்றிச் சாத்தப்பட்டிருந்தது. பரோட்டாக்கடை முருகேசன் கையில் டேப்.

"நாப்பத்திரண்டு அடி ரோடு வருதாம் மாமா. ஆளு வந்து செவப்புல கோடு போட்டு, எழுதிட்டுப் போயிருக்காக. இங்கனருந்து பிடிச்சா அடுப்படிவரைக்கும் போகுது."

"எதிர்ப்பக்கம் கோடே இல்லியேப்பா?"

"ஒங்க பக்கம் மட்டுந்தான் எடுக்குறாக போல."

அத்தை வாசலில் நின்று, யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். "அடுப்படி கட்டி வருசங்கூட ஆகல. இன்னும் சுண்ணாம்பு வாடையே போகல."

தெருவைப் பார்த்தேன். பரோட்டாக்கல் கடைக்குள் போயிருந்தது. டயர்க்கடையின் டயர் கோபுரத்தைக் காணோம். யாருக்கும் யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. எங்கள் தெரு இவ்வளவு அகலம் என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

நான் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். யாருக்குத் தெரியும்? ஆள் இல்லாத நேரத்தில் வெள்ளையடித்துவிட்டால் போச்சு. இப்படி யோசிக்கத்தானே நாலு வருஷம் படித்தது?

அப்போது மாமா கடப்பாரையை எடுத்து வாசற்படியில் ஊன்றினார். "நாமளா படிய எடுத்துட்டா, சுவத்த விட்டுருவாகன்னு சொல்றாக" என்றார்.

இறங்கினேன்.

"மாமா, அது ரோட்டுக்குப் போட்டதில்ல. நாந்தேன் போட்டேன். ஜீப் லைட்டுக்கு."

கடப்பாரை நின்றது.

"அப்ப நாப்பத்திரண்டு?"

"இன்ச்சு மாமா. தரையிலருந்து லைட்டு வரைக்கும்."

நம்பவில்லை. ஜீப்பை வழக்கமான இடத்தில் நிறுத்தி, லைட்டைப் போட்டுக் காட்டினேன். கோட்டுக்குச் சரியாக இரண்டு இன்ச் கீழே, கத்தரித்தாற்போல வெளிச்சம். என் வாழ்நாளின் ஆகச் சிறந்த அலைன்மென்ட். யாரும் பாராட்டவில்லை.

"அப்ப அடுப்படி?" என்றார் அத்தை.

"இருக்கு அத்தை."

"படிச்ச புள்ளையாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பாத்திரங்கள் எனக்கான பதிலைச் சொல்லின.

அதிகம் கோபப்பட்டவர் முருகேசன்தான். "கல்ல உள்ள தூக்கி வச்சதுல இடுப்பே போச்சு. சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதாடா?" அரை மணி நேரத்தில் பரோட்டாக்கல் பழையபடி தெருவுக்கு வந்தது. டயர்களும் வந்தன. தெரு தன் இயல்பான அகலத்துக்குச் சுருங்கியது.

மாமாவின் தகரக்கூரை மட்டும் தானாக ஏறுமா? மறுநாள் சாயங்காலம் சிவப்புக் கோடு மறையச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு, நானும் அவரும் கூரையை மாட்டினோம். இருட்டிவிட்டது. கரண்ட் வேறு இல்லை. ஜீப்பைக் கொண்டுவந்து லைட்டைப் போட்டேன். ஏணியின் கால் பளிச்சென்று தெரிந்தது. மேலே மாமா தெரியவில்லை.

"லைட்டக் கொஞ்சம் தூக்கி விடு மாப்ள. போல்ட்டு தெரியல."

கம்பம் பள்ளத்தாக்கிலேயே என் பழைய லைட்டை விரும்பிக் கேட்ட ஒரே மனிதர். ஸ்க்ரூ டிரைவர் பையில்தான் இருந்தது. நாலு திருகு. ஆனால் திரும்ப இறக்க ஒரு சுவர் வேண்டும், ஒரு கோடு வேண்டும்... அதற்குள் நாலு மொபெட் எதிரே வந்துவிடும்.

லைட்டை அணைத்தேன். ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, செல்போன் டார்ச்சைத் தூக்கிப் பிடித்தேன்.

மேலேயிருந்து மாமா சொன்னார்: "கண்ணுல அடிக்காமப் பிடிலே."