அக்கா பயிற்சியில் சேர்ந்த ஆண்டு

1979-ஆம் ஆண்டு ஜூலை 7, சனிக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு அது தொடங்கியது. கல்லூரி விடுமுறை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். தபால்காரர் பழுப்பு நிற உறை ஒன்றை எங்கள் முன்கூடத்தில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் கூடத்தில் என் அக்கா தையல் பயிற்சி நடத்திவந்தாள். உறையைப் பார்த்தும் அவள் மெஷினை நிறுத்தவில்லை. தையல் முடிந்த பிறகு நூலைப் பல்லால் அறுத்தாள்.

"இன்னொன்னு வந்துடுச்சா? நீயே படிடி. எனக்குக் கண்ணு எரியுது," என்றாள்.

புதிய விதிகள் வருவது அவளுக்குப் புதிதல்ல. மையம் தொடங்கிய நாளில் ஒரு கூடமும் சில மெஷின்களும் சொல்லித்தர ஒருத்தியும் இருந்தால் போதுமானதாக இருந்தது. பெண்களுக்கு மாதந்தோறும் அரசு உதவித்தொகை வந்தது. பிறகு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றார்கள். தேறாத பெண்களை அக்கா வீட்டுக்கு அனுப்பினாள். மறு ஆண்டு கூடத்துக்கு ஜன்னல் போதாது என்றார்கள். சுவரை இடித்து ஜன்னல் வைத்தோம். அதற்கடுத்துப் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை. நைனா என்று நாங்கள் அழைத்த அப்பா தகரம் வாங்கிவந்து கொல்லையில் தானே அடைத்தார். ஒவ்வொரு முறையும் ஆய்வுக்கு வருபவர்கள் முந்தைய விதி நிறைவேறியதைக் குறித்துக்கொண்டு அடுத்த விதியைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா எதிர்த்துப் பேசியதில்லை. சோர்வு அவளிடம் ஒரு பழக்கமாகவே படிந்துவிட்டிருந்தது.

சுற்றறிக்கையின் முதல் வாக்கியம் பக்கம் முழுவதும் ஓடியது. மூன்று முறை படித்த பிறகே எனக்குப் பொருள் விளங்கியது. இனிமேல் உதவித்தொகை பெறும் மையங்களில் பயிற்றுநராக இருப்பவர் இந்த மாநிலத் துறையின் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். பிற மாநிலச் சான்றிதழ் ஏற்கப்படாது. அது இல்லாதவர் அங்கீகாரம் பெற்ற மையம் ஒன்றில் ஓராண்டு பயின்று தேர்வு எழுதலாம். அதுவரை தகுதியுள்ள வேறொருவர் பயிற்றுநராக இருக்க வேண்டும்; பெயரளவில் ஒருவரை வைத்திருந்தால் அங்கீகாரம் நீக்கப்படும்.

அக்கா தையல் படித்தது மாநில எல்லைக்கு அப்பால், புத்தூரில், அத்தை வீட்டில் தங்கி. அவளுடைய சான்றிதழ் தெலுங்கில் இருந்தது. மையத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அது இத்தனை ஆண்டும் தொங்கியது. இங்கே அதைப் படிக்கத் தெரியாதவர்கள் குறைவு என்பதால் யாரும் அதை வேற்றூர்த் தாளாக நினைத்ததில்லை.

"அப்படின்னா நான் டீச்சர் இல்லையா?" என்றாள் அக்கா.

"இந்தத் தாள்படி இல்ல."

"பரவால்ல. பொண்ணுங்களுக்குப் பணம் நின்னுடுமா, அத சொல்லு."

அதுதான் கேள்வி. உதவித்தொகை நின்றால் பெண்களும் நின்றுவிடுவார்கள். பெரும்பாலோர் அம்மையார்குப்பத்து நெசவு வீடுகளிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள். அந்தப் பணத்தைக் காட்டித்தான் வீட்டில் அனுமதி வாங்கியிருந்தார்கள். அது இல்லையென்றால் மறுநாளே அவர்களைத் தறிக்கு நூல் சுற்ற உட்காரவைத்துவிடுவார்கள்; அதற்கடுத்து மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

அங்கீகாரம் பெற்ற வேறு மையம் என்றால் காஞ்சிபுரம் போக வேண்டும். அம்மா இறந்த பின் வீடு அக்காவின் பொறுப்பில் இருந்தது. நைனாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டோம். பதில் இரண்டே வரி: பயிற்றுநர் வேறொருவராக இருக்கும்பட்சத்தில், தங்கள் மையத்திலேயே தாங்கள் பயிற்சி பெறுபவராகச் சேர்வதற்குத் தடையில்லை.

நைனா அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். "அவ வீட்ல அவளே விருந்தாளியா?" என்றார். அக்கா சிரிக்கவில்லை. "சரி, அப்படியே செய்யலாம். யாரு வராங்க?" என்றாள்.

வரக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்காவிடமே படித்து, துறைத் தேர்வு எழுதி, முதல் வகுப்பில் தேறிய அம்மையார்குப்பத்துப் பெண். என்னைவிட ஒரு வயது இளையவள். வீட்டில் உட்கார்ந்து அண்டை அயலாருக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அக்கா போய் அழைத்ததும் மறுக்கத் தெரியாமல் வந்தாள். முதல் நாள், பயிற்றுநர் நாற்காலியின் நுனியில் அவள் உட்கார்ந்திருந்தது எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்வதற்காகவே என்பதுபோல் இருந்தது.

"அக்கா, உங்களுக்கு நான் சொல்லித் தர்றதா? எனக்கு வாய் வராதே," என்றாள்.

"தயங்காம சொல்லு. நான் மக்குப் பொண்ணு. ஒண்ணும் தெரியாம கேட்டுகினு இருப்பேன்."

முன்வரிசையில் இருந்த ஒரு வாயாடி எழுந்தாள். "டீச்சர், அக்கா தப்பா தெச்சா முட்டி போடணுமா?"

கூடம் சிரித்தது. உள்ளேயிருந்து நைனாவின் குரல் வந்தது. "ஆங், போடட்டும்! அன்னிக்காவது எனக்குத் திட்டு மிச்சம்."

அக்கா கடைசி வரிசைக்குப் போனாள். வருகைப் பதிவேட்டில் பயிற்சி பெறுவோர் பகுதியின் அடியில் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டாள். பெயர்ப்பலகையை மாற்றினோம். தெலுங்குச் சான்றிதழைக் கழற்றி உள்ளறையில் வைத்தோம். சுவரில் அதன் அளவுக்கு வெளிறிய சதுரம் ஒன்று மிஞ்சியது. யார் யாரை எப்படி அழைக்க வேண்டும், அக்காவிடம் யாரும் எழுந்து போகக் கூடாது என்பதையெல்லாம் பெண்களுக்குச் சொல்லிவைத்தோம். எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாகவே நினைத்தோம்.

மாற்றாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தக் கூடத்தில் எந்தப் பெண்ணும் கோடு போட்டவுடன் துணியை வெட்டமாட்டாள். கோடிட்ட துணியை அக்காவிடம் காட்ட வேண்டும். அக்கா ஒரு பார்வை பார்த்து, கழுத்துக் கோட்டின் ஓரத்தில் கோடு போடும் டெய்லர் சாக்கால் சிறிய பெருக்கல் குறி ஒன்றைப் போடுவாள். அதன் பிறகே கத்தரிக்கோல். வீட்டிலிருந்து கொண்டுவரும் துணி வீணானால் அந்தப் பெண் மறுநாள் வரமாட்டாள் என்பதால் தொடக்க காலத்திலேயே ஏற்பட்ட வழக்கம் இது. "கோடு தப்பா போனா தட்டிடலாம். துணி போச்சுன்னா உங்க வீட்ல வந்து யாரு பேசறது?" என்பாள். நாற்காலி மாறிய பிறகும் பெண்கள் போகும்போதும் வரும்போதும் துணியைக் கடைசி வரிசைப் பக்கம் காட்டிக்கொண்டு போனார்கள். அக்கா பேச்சை நிறுத்தாமலே குறி போட்டாள். சாக் அவள் மடியிலேயே இருந்தது. அது யாருடைய கண்ணிலும் படவில்லை, என்னுடைய கண்ணிலும்கூட.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஊரைவிட்டு வடிந்து சில வாரங்கள் கழிந்தபின் ஆய்வாளர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. மலைக்கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் விபூதியோடும் கையில் பிரசாதப் பையோடும் வந்ததால் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாகிவிட்டது. ஏதேனும் எழுதித்தர வேண்டியிருக்கலாம் என்று அக்கா கேட்டுக்கொண்டதால் அன்று நான் கல்லூரிக்குப் போகவில்லை.

அவர் ஜன்னலைப் பார்த்தார். கொல்லைக்குப் போய்த் தகரக் கதவைத் திறந்து மூடினார். பயிற்றுநரின் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பயிற்றுநரைப் பார்த்தார்.

"நீங்கதான் சொல்லித் தர்றீங்களா? ரொம்பச் சின்னப் பொண்ணா இருக்கீங்களே?"

"ஆங்... ஆமாங்க."

"பல இடத்துல பேருக்கு ஒருத்தரை உக்கார வச்சிடறாங்க. அதனாலதான் நான் வேலையைப் பார்த்துட்டுப் போறேன். எல்லாரும் ரவிக்கை முன்பக்கம் ஒண்ணு கோடு போட்டு வெட்டுங்க."

துணிகள் விரிந்தன. ஸ்கேல்கள் நகர்ந்தன. கோடுகள் முடிந்தன. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கத்தரிக்கோல்கள் எல்லாருடைய வலக்கைப் பக்கமும் இருந்தன, எவளும் தொடவில்லை. நான் உள்வாசற்படியில் நின்றிருந்தேன். தெருவில் பூக்காரி ஒருத்தி கூவிக்கொண்டு போனது தெளிவாகக் கேட்டது.

"ஏம்மா, கத்தரிக்கோல்ல முனை இல்லையா?" என்றார் ஆய்வாளர். யாரும் சிரிக்கவில்லை. "யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க?"

பெண்களின் தலைகள் திரும்பவில்லை. அந்த அளவுக்கு அவர்கள் பழகியிருந்தார்கள். ஆனால் கண்கள் திரும்பின. ஒவ்வொன்றாகக் கடைசி வரிசைக்குப் போய், குனிந்திருந்த அக்காவின் உச்சந்தலையில் நின்றன. ஆய்வாளரின் பார்வையும் அந்தத் திசையில் மெதுவாக நகரத் தொடங்கியது. இன்னும் சிறிது நேரம் போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

கரும்பலகைக்கு அருகில் நின்றிருந்த அம்மையார்குப்பத்துப் பெண் நடந்தாள். வரிசைகளுக்கு நடுவே கடைசிவரை வந்து அக்காவின் முன் கையை நீட்டினாள்.

"சாக்க குடுங்க," என்றாள். அதற்கு முன்பு அக்கா என்று சேர்க்காமல் அவள் பேசி நான் கேட்டதில்லை.

அக்கா மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் அக்காவின் துணியைத்தான் முதலில் பார்த்தாள். உடனே குறி போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து டேப்பை வைத்து அளந்தாள்.

"கைக்குழி இன்னும் கால் இஞ்ச் குழிவா வரணும். இப்படியே வெட்டினா கையடியில பிடிக்கும்."

கூடத்தில் யாரோ மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு பழைய கோட்டைக் கையால் தட்டிவிட்டு, புதிய கோட்டைப் போட்டாள். அந்தப் பெண் அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். கழுத்தோரத்தில் சிறிய பெருக்கல் குறியைப் போட்டாள். அக்கா வெட்டத் தொடங்கினாள். அந்தச் சத்தம் கேட்டதும் மற்றப் பெண்கள் தங்கள் துணிகளை அவள் பக்கமாக நீட்டினார்கள். சாக் ஒவ்வொரு துணியாக முன்வரிசைவரை போயிற்று.

ஆய்வாளர் பதிவேட்டில் திருப்தி என்று எழுதிக் கையெழுத்திட்டார். "அங்கீகார உத்தரவு வந்துடும். பயப்பட வேண்டாம்," என்றார். பிரசாதப் பையை எடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "டீச்சர் கண்டிப்பானவங்கதான். கடைசி வரிசையில ஒருத்தங்க இருக்காங்களே, அவங்களுக்கும் நல்ல கை. வருஷக் கடைசியில பாஸ் பண்ணிடுவாங்க."

மாலையில் அக்கா கொல்லையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் அருகில் போய் நின்றேன்.

"வேணும்னுதானே தப்பா கோடு போட்ட? அவ திருத்தட்டும்னு?"

அக்கா ஒரு வேட்டியை நான்காக மடித்து முடித்தாள்.

"இல்லடி. புத்தூர்ல எனக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. இத்தன வருஷமா அப்படியேதான் போட்டுகினு வந்தேன். அவ பரீட்சைக்குப் படிச்சப்ப புக்குல பாத்திருப்பா. என்கிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்லுவா?" என்றாள். "அவ இன்னிக்குச் சொன்னது சரி. நல்லாவும் சொன்னா."

என் ரவிக்கைகள் எல்லாமே கையடியில் சற்றுப் பிடிக்கும். கல்லூரிக்குப் போகும் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அதை உணர்வேன். என் தோளின் அமைப்பில் ஏதோ குறை என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அதை அக்காவிடம் நான் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை.

"அடுத்த வருஷம் சான்றிதழ் வந்ததும் நீ மறுபடி டீச்சராயிடலாம்," என்றேன்.

"அவ எங்க போவா? வீட்ல இருந்து கூட்டிக்கினு வந்தது நான்தானே." துணிக்கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பாக்கலாம். ஒரு வருஷம் உக்காந்து தெச்சா எனக்கும் கொஞ்சம் ஓய்வு." ஓய்வு என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுவே முதல் முறை. அதில் மகிழ்ச்சி எதுவும் இல்லை.

மறுநாள் காலை நான் புறப்படும் நேரத்தில் பெண்கள் வந்துவிட்டிருந்தார்கள். அம்மையார்குப்பத்துப் பெண் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சாக் அவள் மேஜைமேல் இருந்தது. துணியோடு நான்கைந்து பேர் அவள்முன் நின்றார்கள். எவருடைய கண்ணும் பின்னால் போகவில்லை. கடைசி வரிசையில் அக்கா எனக்காக எடுத்துவைத்திருந்த நீலத் துணியில் கோடு போட்டு முடித்திருந்தாள். கைக்குழி புதிய அளவில் இருந்தது. கத்தரிக்கோலை எடுத்தாள், மேஜைப் பக்கம் பார்த்தாள், கீழே வைத்தாள். எழுந்திருக்கவில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்தவள் அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன். அவளும் என்ன செய்வதென்று தெரியாமல், கையிலிருந்த துணியை மறுபடியும் அளந்தாள்.

நான் புத்தகங்களைப் படியில் வைத்தேன். அக்காவின் முன்னாலிருந்த துணியை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. அதுவரை அவளை நீ என்றே அழைத்துவந்திருந்தேன்.

"குறி போடுங்க, டீச்சர்," என்றேன்.

அவள் எழுந்து நின்று அளந்தாள். குறியைப் போட்டாள். துணியைக் கொண்டுவந்து அக்காவின் முன் விரித்துவைத்தேன். கத்தரிக்கோல் முதல் கோட்டில் இறங்கியதைப் பார்த்துவிட்டு, புத்தகங்களை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.